கொலஸ்ட்ரால் ஆராய்ச்சி என்கிறாள் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம். பிளஸ் டூ படிக்கும் பாப்பா, நீட் கோச்சிங் வேண்டாம், கொலஸ்ட்ரால் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்கிறாள், சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிக்க இதில் ஒன்றுமில்லை. நீங்கள் இரவில் போடுவதாகச் சொன்ன அடோர்வாஸ்டாடின் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஸ்டேடின் எனப்படும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து வகை. முதல் ஸ்டேடினை 1970களில் பூஞ்சைகளில் தேடிக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. அவர் மருத்துவர் அல்லர், வேளாண் கல்லூரியில் படித்து வந்த உயிர்வேதியியலாளர்.

பாப்பாவுக்குப் பிடித்திருப்பது இரத்தக் குழாய் அடைப்பு இல்லை, செல் சவ்வு. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர்தான். அதிலுள்ள கொழுப்பு மூலக்கூறுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொலஸ்ட்ரால். டிசம்பரில் ஏற்காட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், பகலில் சேலத்துக்கு இறங்கினால் உருகிவிடும். செல் சவ்வு அப்படி உறையவும் கூடாது, ஒரேயடியாக இளகவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அதை நிறுத்திவைப்பதில் கொலஸ்ட்ராலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஐதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியில் அமிதாபா சட்டோபாத்யாயின் குழு பல ஆண்டுகள் இதில் உழைத்திருக்கிறது. மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள ஒரு செரோடோனின் ஏற்பி (செரோடோனின் என்ற வேதிப்பொருள் கொண்டுவரும் செய்தியைப் பிடிக்கும் சவ்வுப் புரதம்), சவ்வில் கொலஸ்ட்ரால் குறைந்தால் சரியாக வேலை செய்வதில்லை என்று காட்டினார்கள். மணல் ஈ கடியால் பரவும் காலா அசார் நோயின் ஒட்டுண்ணி நம் வெள்ளணுக்களுக்குள் நுழையவும் அந்தச் சவ்வின் கொலஸ்ட்ரால் வேண்டியிருக்கிறது என்றும் கண்டார்கள். ஏழைகளைத் தாக்கும் நோய் அது. உங்கள் மகள் இதில் மனம் வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவளைக் கண்டிப்பேன். உயிரியல் பிடிக்கும் என்பதால் கணக்கை ஒதுக்குகிறாள் என்கிறீர்கள். சவ்வு ஆராய்ச்சியில் ஒளிரும் மூலக்கூறுகளைச் சவ்வுக்குள் செலுத்தி, லேசர் பாய்ச்சி, அவை எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று அளக்கிறார்கள். இயற்பியலும் வேதியியலும் கணக்கும் இல்லாமல் அங்கே ஒரு வரைபடத்தைக்கூடப் படிக்க முடியாது. முதல் குரூப்பில் இருப்பது அவளுக்குக் கிடைத்த வரம், விடக்கூடாது.

வழி என்று கேட்டால், முதலில் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வு. நான்கு பாடங்களிலும் 15 கேள்விகள் வீதம் 60 கேள்விகள், மூன்று மணி நேரம். ஐசர்களில் திருப்பதி, திருவனந்தபுரம் இரண்டும் நமக்குப் பக்கம். புவனேஸ்வரில் உள்ள இதேபோன்ற நிறுவனமான நைசருக்கான நெஸ்ட் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். கிடைக்காவிட்டால் சேலம் அரசு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி வேதியியல் போதும். மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற நுழைவுத் தேர்வை எழுதி ஐஐடியில் எம்எஸ்சி சேரலாம். லட்சக்கணக்கில் கட்டி, லேப் வசதி இல்லாத கல்லூரியில் பயோடெக் சேர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். எங்கே சேர்ந்தாலும், கோடை விடுமுறையில் அறிவியல் அகாடமிகளின் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பிக்க வேண்டும்.

காலம் பிடிக்கும், அதை மறைக்கமாட்டேன். ஐந்து வருடப் படிப்பு, அதற்குமேல் பிஎச்டி ஐந்தாறு வருடம். நிரந்தர வேலை கிடைக்க முப்பது தாண்டிவிடும். ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. பிஎச்டிக்கு நீங்கள் கடன் வாங்க வேண்டியிருக்காது. கல்யாணப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள், பத்து வருடத்துக்கு அப்பால் உள்ளதை நினைத்துப் பதினேழு வயதுப் பெண்ணின் பாதையை மாற்ற வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஐசர் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். கணக்கில் எத்தனை சரி என்று குறித்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வாருங்கள்.