ஜார்ஜியா வாரண்டுக்கு ராலே சிறையில் எத்தனை நாள்?

தம்பி, உங்கள் கேள்வி இதுதானே: அமெரிக்காவில், நார்த் கரோலினா மாநிலத்து ராலேயில் உங்களோடு தங்கியிருக்கும் நண்பரை, கார் வேகமாக ஓட்டியதற்காக போலீஸ் நிறுத்தியிருக்கிறது. இன்னொரு மாநிலமான ஜார்ஜியாவில் படித்த காலத்தில் கோர்ட்டுக்குப் போகாமல் விட்ட ஒரு வழக்கின் வாரண்ட் கம்ப்யூட்டரில் தெரிந்ததும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சிறையில் அடைத்துவிட்டார்கள். ஜார்ஜியா வந்து அழைத்துப்போகும்வரை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

சட்டப்படி முதலில் 30 நாள். அவரைக் கேட்டு ஜார்ஜியா கவர்னர் எழுத வேண்டும். அதன் பேரில் நார்த் கரோலினா கவர்னர் வாரண்ட் போட வேண்டும். 30 நாளுக்குள் அது வராவிட்டால் நீதிபதி இன்னும் 60 நாள் வரை நீட்டிக்கலாம். ஆக 90. பெரும்பாலான மாநிலங்கள் இதே மாதிரிச் சட்டத்தைத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் 90 நாள் முடிந்து வெளியே விட்டாலும் ஜார்ஜியா வழக்கு அப்படியே இருக்கும். கவர்னர் வாரண்ட் பிறகு வந்தால் மறுபடி பிடிக்கலாம்.

நம் ஊரில் சென்னை போலீஸ் பெங்களூருவில் ஒருவரைப் பிடித்தால், அங்கே மாஜிஸ்திரேட்டிடம் டிரான்ஸிட் ரிமாண்ட், அதாவது கைதியை வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகும் அனுமதி, வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். இங்கே ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு மாதிரி நடந்துகொள்ளும். அதனால்தான் இவ்வளவு நாள்.

இதில் உங்கள் நண்பர் கையில் இருக்கும் முடிவு ஒன்றுதான்: 'வெய்வர்' கொடுப்பதா, எதிர்ப்பதா. வெய்வர் என்றால், கவர்னர் வாரண்டுக்குக் காத்திராமல் ஜார்ஜியா போகச் சம்மதம் என்று நீதிபதி முன் எழுதிக் கொடுப்பது. குற்றத்தை ஒப்புக்கொள்வது அல்ல. எதிர்த்தால் ஆட்கொணர்வு மனு போடலாம், ஆனால் நீதிபதி பார்ப்பது நான்கே விஷயம்: காகிதங்கள் சரியா, அங்கே வழக்கு இருக்கிறதா, பிடிபட்டவர் அதே ஆள்தானா, அவர் தேடப்பட்டு அந்த மாநிலத்தை விட்டு வந்தவரா. 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இப்படி வகுத்துவிட்டது. 'நான் செய்யவில்லை' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஆள் மாறாட்டம் இல்லையென்றால் எதிர்ப்பது பெரும்பாலும் சிறை நாளைக் கூட்டுவதுதான் என்பது என் எண்ணம்.

வெய்வர் கொடுத்தவுடன் வண்டி வந்துவிடாது. பல கவுண்டிகள் தனியார் வேனை அமர்த்துகின்றன. அது வழியில் பல சிறைகளில் ஆள் ஏற்றி இறக்கிப் போகும். ஆறு மணி நேர அட்லாண்டா பயணம் பல நாள் ஆகலாம்.

எனவே வெய்வரில் கையெழுத்துப் போடுமுன் ஜார்ஜியாவில், அந்த வழக்கு இருக்கும் கவுண்டியிலேயே, ஒரு வக்கீலைப் பிடியுங்கள். சின்ன வழக்கு என்றால் வாரண்டை ரத்து செய்து புதுத் தேதி வாங்க அவர் முயலலாம். அது நடந்தால் ராலேயில் பிடித்து வைக்கக் காரணமே இருக்காது. ராலே வக்கீலிடம் பெயில் கேட்கச் சொல்லுங்கள். ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றம் இல்லையென்றால், கவர்னர் வாரண்ட் வருவதற்கு முன் பெயில் கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. வந்தபின் பல மாநிலங்களில் கிடைப்பது அரிது.

அவர் எச்-1பி வேலை விசாவில் இருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கு அந்த 90 நாளைவிட இதுதான் கவலை. வேலை போனால் வேறு வேலை பிடிக்கவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம், சிறையில் இருந்தாலும் அது ஓடும். சீக்கிரம் வெளியே வர வேண்டுமென்று ஜார்ஜியாவில் அவசரப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டால், அபராதத்தோடு முடிந்த திருட்டு வழக்குகூட விசாவுக்கு வேட்டு வைக்கலாம். ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தும் ஆபத்து இருக்கிறதா என்று கிரிமினல் வக்கீல் சொல்லியாக வேண்டும், 2010-ல் வந்த தீர்ப்பு அது. இருந்தாலும் குடிவரவு வக்கீலிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள், செலவைப் பார்க்க வேண்டாம்.

இந்தியத் தூதரகத்துக்குத் தெரிய வேண்டுமென்றால் அவரே கேட்க வேண்டும். இந்தியர் விஷயத்தில் கேட்காமல் தகவல் சொல்லும் கட்டாயம் அமெரிக்காவுக்கு இல்லை.

அப்புறம் சிறை போன். எல்லாம் பதிவாகும், தமிழில் பேசினாலும் மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார்கள். ஜார்ஜியாவில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம், அவர் சொல்லவும் வேண்டாம். வக்கீல் பெயர், அடுத்த கோர்ட் தேதி, ஊரில் அம்மா அப்பாவுக்கு என்ன சொல்வது, இவற்றோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.