குளிர்காலத்தில் விருந்தாளிகளுக்கு வீட்டிலேயே சூடாக என்ன ஸ்டார்ட்டர் செய்யலாம்?

10 பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறீர்கள், சாப்பாட்டுக்கு முன்னால் சூடாக ஏதாவது தர வேண்டும், ஆனால் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் அடுப்படியில் நிற்கக் கூடாது. கேள்வி இதுதானே? எனக்கும் இதே ஆசைதான். அதில் ஒருமுறை நன்றாகச் சொதப்பியும் இருக்கிறேன்.

அன்றைக்கு 40 உருளைக்கிழங்கு கட்லெட்டை ஏழு மணிக்கே பொரித்து ஹாட்பேக்கில் அடுக்கி இறுக மூடி வைத்தேன். வந்தவர்கள் எட்டேகாலுக்கு வந்தார்கள். மூடியைத் திறந்தால் அதன் உள்பக்கம் முத்து முத்தாக நீர். கட்லெட் சூடாகத்தான் இருந்தது. மேலே மொறுமொறுவென்று இருந்த தோல்தான் நனைந்த காகிதம் மாதிரி கையோடு வந்தது. உள்ளேயிருந்து கிளம்பும் ஆவிக்குப் போக வழியில்லை என்றால் அது மேல்தோலில்தான் போய் இறங்கும். பொரித்ததை மூடவே கூடாது. கம்பி ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 100 டிகிரி ஓவனில் வையுங்கள். அரை மணி நேரம் தாங்கும்.

இப்போதெல்லாம் நான் பொரிப்பதையே விட்டுவிட்டேன். காலையிலேயே முக்கால் வேலை முடிந்து, மணி அடித்ததும் ஓவனுக்குள் தள்ளிவிடலாம் என்கிற மாதிரிப் பண்டமாகப் பார்க்கிறேன். என் முதல் தேர்வு அடைத்த காளான். பட்டன் காளானில் கொஞ்சம் பெரியதாக 30 வாங்கி, காம்பைத் திருகி எடுத்துவிடுங்கள். குடைகளைக் குழிப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து 200 டிகிரியில் 10 நிமிடம். இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், இங்கேயே வடியவிடாவிட்டால் பிறகு தட்டில் குளம் கட்டும். காம்புகளைப் பொடியாக நறுக்கி, பூண்டும் வெண்ணெயும் சேர்த்துச் சுருள வதக்கி, பிரெட் தூள், துருவிய சீஸ், மிளகு போட்டுப் பிசைந்து, ஆறிய குடைகளில் அமுக்கி நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆள் வந்ததும் மறுபடி 200 டிகிரியில் 15 நிமிடம். மேலே பொன்னிறமாகி, ஓரத்தில் சீஸ் குமிழியிட்டால் எடுத்துவிடலாம்.

ஆனால் அந்த 15 நிமிடம் வந்தவர்கள் வெறுங்கையோடு உட்கார வேண்டுமே? அதற்குத்தான் சூப். 1 கிலோ மஞ்சள் பூசணித் துண்டுகள், 2 வெங்காயம், ஒரு கைப்பிடி பூண்டுப் பல் எல்லாவற்றையும் எண்ணெயில் புரட்டி, ஓரம் கருகும் வரை ஓவனில் சுடுங்கள், 40 நிமிடம் ஆகும். பிறகு முக்கால் லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்து, உப்பும் மிளகும் போட்டுக் கொதிக்க வைத்தால் 10 சின்னக் கப் வரும். கெட்டியான சூப் சீக்கிரம் ஆறாது, தண்ணீர் மாதிரி உள்ளுக்குள் சுழன்று சூட்டை வெளியே விடாது. கப்பில் முதலில் வெந்நீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் சூப்பை ஊற்றுங்கள். குளிரில் வந்தவரின் விரல்கள் முதலில் தேடுவது கப்பின் சூட்டைத்தான், ருசியெல்லாம் அப்புறம்.

சீஸ் டோஸ்ட்டும் செய்யலாம். ஆறினால் சீஸ் ரப்பர் ஆகிவிடும், அதனால் வாய் பக்கத்திலேயே இருந்தால் மட்டும் செய்யுங்கள்!

பொரித்தே ஆக வேண்டும் என்றால் எண்ணெய் 175-180 டிகிரியில் இருக்கட்டும். ஒரே ஈட்டில் நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, பண்டம் எண்ணெய் குடிக்கும்.

பின்னால் சாப்பாடு இருக்கிறது என்றால் ஆளுக்கு 3-4 துண்டு தாராளம். எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசைக்குக் கொண்டுவராதீர்கள். சின்னத் துண்டுகள் ஐந்து நிமிடத்தில் சில்லிட்டுவிடும். 30 காளானை மூன்று ஈடாகச் சுட்டு, தட்டையும் ஓவனில் லேசாகச் சூடாக்கிக் கொண்டுவாருங்கள். இறைச்சியோ பாலோ சேர்த்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்க வேண்டாம். யாருக்காவது பால் பொருள் ஒத்துக்கொள்ளாதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு நாலு காளானை மட்டும் சீஸும் வெண்ணெயும் இல்லாமல் எண்ணெயில் வதக்கி, தனித் தட்டில் வைத்துச் சுட்டுவிடலாம்.