அமெரிக்காவின் வாக்கை நம்பி ஒரு வருட விலை பேசலாமா?

கேள்வி: சென்னை பெரியமேட்டில் தோல் கைப்பை செய்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறேன். வருடம் முழுக்க ஒரே விலை, அதுவும் டிடிபி முறையில் (வரி உட்பட எல்லாச் செலவும் என்னுடையது) வேண்டும் என்கிறார் அங்கே வாங்கும் பையர். இந்திய, அமெரிக்க அரசுகள் பேசி முடித்துவிட்டால் வரி ஏறாதாம். துபாய் வழியாக அனுப்பினால் வரி குறையும் என்று ஒரு ஏஜென்ட்டும் நச்சரிக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: டிடிபி மட்டும் வேண்டாம். அதில் அமெரிக்க கஸ்டம்ஸ் வரியும் உங்கள் தலையில்தான். எஃப்ஓபி என்றால் சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு உங்கள் வேலை முடிந்தது. வரி பையர் பாடு. ஏறாது என்று அவ்வளவு நம்புகிறவர், அவரே கட்டட்டுமே.

அமெரிக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றுமா? உங்கள் தொழிலிலேயே பாருங்கள். வளரும் நாடுகளின் சரக்கை அமெரிக்கா வரியில்லாமல் விடும் ஜிஎஸ்பி சலுகையில் 2017ல் கைப்பைகள் பல சேர்ந்தன. 2019 ஜூன் 5ல் இந்தியாவையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரி, அது அவர்களாகக் கொடுத்த சலுகை. 2025 ஆகஸ்ட் 7ல் 25 சதவீதம் வரி போட்டு, 27ல் இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காட்டி இன்னொரு 25 போட்டார்களே, அது வேறு கதை. இந்த அளவுக்கு மேல் வரி போடமாட்டோம் என்று உலக வர்த்தக அமைப்பில் எழுதிக்கொடுத்த நாடு அது. யாரிடம் முறையிடுவது? அங்கே மேல்முறையீட்டு அமர்வுக்கு ஆள் நியமிக்கவிடாமல் அமெரிக்காவே தடுத்து, 2019 டிசம்பர் முதல் அது முடங்கிக் கிடக்கிறது. தோற்றவர் அப்பீல் போட்டால் வழக்கு அப்படியே தூங்கும்.

பருவநிலையிலும் இதே கதை. கார்பன் புகையைக் குறைக்கும் கியோட்டோ ஒப்பந்தத்தில் 1998ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, செனட்டுக்கே அனுப்பவில்லை. பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து 2020ல் வெளியே, 2021ல் உள்ளே, 2025 ஜனவரியில் மறுபடி வெளியேறும் உத்தரவு. ஆகவே 'கார்பன் சான்றிதழ் இல்லாமல் அமெரிக்காவில் பை இறங்காது' என்று காசு பிடுங்க வருபவரை வாசலோடு அனுப்புங்கள்.

துபாயில் பெட்டி மாற்றி லேபிள் ஒட்டினால் சென்னைப் பை துபாய்ப் பை ஆகிவிடாது. அமெரிக்க அதிபரின் 2025 ஜூலை 31 வரி உத்தரவிலேயே, இப்படிச் சுற்றி வரும் சரக்குக்கு 40 சதவீதம் வரி என்று எழுதியிருந்தார்கள். ஏஜென்ட் கமிஷனை முன்பே வாங்கிக்கொண்டு நழுவிவிடுவார். மாட்டுவது நீங்கள். சரக்கு எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் ஒரிஜின் சான்றிதழுக்கு, மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இடையில் யாரும் வேண்டாம்.

'புது வரி வந்தாலும், ஏற்கெனவே வழியில் இருக்கும் சரக்குக்கு விலக்கு உண்டு' என்றும் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆகஸ்ட் 27 வரிக்கு அப்படி ஒரு விலக்கு இருந்தது உண்மை. அன்று 12.01 மணிக்கு முன் கப்பலில் ஏறியிருக்க வேண்டும். அது வாஷிங்டன் நள்ளிரவு, நமக்குக் காலை 9.31. நம் கஸ்டம்ஸில் ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் போட்டது, கன்டெய்னர் துறைமுக கேட் தாண்டியது எதுவும் கணக்கில் வராது. கப்பலில் ஏறிய தேதிதான் கணக்கு. அப்புறம் செப்டம்பர் 17 பிறப்பதற்குள் அமெரிக்க கஸ்டம்ஸில் பதிவும் ஆகியிருக்க வேண்டும். ஆகஸ்ட் 26ம் தேதி அவசரமாக ஏற்றியவருக்கு என்ன லாபம்? சென்னைப் பெட்டி 22 நாளில் நியூயார்க் போய்ச் சேருமா?

பையர் பிடிவாதம் பிடித்தால், விலை 30 நாளுக்குத்தான் செல்லும் என்று, ஆர்டருக்கு முன் கொடுக்கும் புரொஃபார்மா இன்வாய்ஸில் போடுங்கள். வரி கூடினால் கூடுதல் தொகை அவருடையது என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் 'ஓகே' போதாது.