அழுதால் பயிற்சி கெட்டுப்போகுமா?

வணக்கம். எனக்கு வயது 41. போன ஆவணியில் அம்மா தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் தூக்கமே இல்லை. நண்பர் ஒருவர் சொல்லி, பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்குப் போனேன். அதுதான் என்னைக் காப்பாற்றியது. இப்போது காலையும் மாலையும் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். அம்மா நினைவு வந்தால் ‘அநித்தியம், அநித்தியம்’, அதாவது எதுவும் நிலையில்லை என்று மனதுக்குள் சொல்வேன். தொண்டை அடைப்பது நின்றுவிடும்.

அம்மாவின் பீரோவை இன்னும் யாரும் திறக்கவில்லை. போன வாரம் என் எட்டு வயது மகள் அதன் முன்னால் உட்கார்ந்து ‘அப்பாயி வேணும்’ என்று அழுதாள். ‘பிறந்தவர் எல்லாரும் போகத்தான் வேண்டும், பற்று வைத்தால் துக்கம்தான்’ என்றேன். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘நீங்க கல்லா மாறிட்டீங்க’ என்கிறாள் மனைவி. நான் அழுதால் இத்தனை நாள் பயிற்சியும் வீணாகிவிடுமா?

— பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

வீணாகாது. தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்த பயிற்சியை விடவும் வேண்டாம். ஆனால் நீங்கள் ‘அநித்தியம்’ என்று சொல்வது கவனிப்பதற்காக இல்லை, அழுகையை அடைப்பதற்காக. விபஸ்ஸனா என்றால் உள்ளதை உள்ளபடி பார்ப்பது. தொண்டை அடைத்தால் அந்த அடைப்பைத்தானே பார்க்க வேண்டும்? நீங்கள் அது வந்ததுமே விரட்டிவிடுகிறீர்கள்.

குசிநாரையில் புத்தர் கடைசியாகப் படுத்திருந்தபோது, 25 ஆண்டுகள் கூடவே இருந்து பணிவிடை செய்த ஆனந்தர் உள்ளே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் இன்னும் கற்றே முடிக்கவில்லை, என்மேல் இவ்வளவு பரிவு வைத்தவர் போகப்போகிறாரே என்று. ‘ஆனந்தன் எங்கே?’ என்று கேட்டு ஆளனுப்பி அழைத்தார் புத்தர். அழ வேண்டாம், தோன்றியது அழியும் என்று அவரும்தான் சொன்னார். அதோடு விடவில்லை. இத்தனை காலம் செயலாலும் சொல்லாலும் மனதாலும் நீ அன்போடு என்னைப் பார்த்துக்கொண்டாய் என்றார். மற்றப் பிக்குகள் முன்னாலும் ஆனந்தரைப் புகழ்ந்தார். உங்கள் மகளுக்கு நீங்கள் முன்பாதியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டீர்கள்.

அங்கே அழாதவர்களும் இருந்தார்கள், பற்றை அறுத்த பிக்குகள். நீங்களும் நானும் அந்தக் கணக்கில் வரமாட்டோம்; வந்துவிட்டதாக நடிப்பதில்தான் சிக்கல்.

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் என்ற தியான நூலை எழுதிய பிக்கு புத்தகோசர், அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை என்ற நான்கு நல்ல மனநிலைகள் ஒவ்வொன்றுக்கும் தூரத்துப் பகை ஒன்று, பக்கத்துப் பகை ஒன்று என்று பிரித்துக் காட்டுகிறார். தூரத்துப் பகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத்துப் பகை நல்லதைப் போலவே இருக்கும், ஏமாந்துவிடுவோம். சமநிலைக்கு, அதாவது உபேட்சைக்குப் பக்கத்துப் பகை எது தெரியுமா? எதுவும் உறைக்காத அசட்டை. உங்கள் மனைவி ‘கல்’ என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் விசுத்திமக்கம் படித்திருக்க வாய்ப்பில்லை. கூடவே இருப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முகாமில் நான்காம் நாளிலிருந்து அசையாமல் உட்காரச் சொல்லியிருப்பார்கள். அதுவும் ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு மணி நேரம். நீங்கள் வீட்டில் நாள் முழுக்க அப்படி இருக்கிறீர்கள். பத்தாம் நாள் மைத்திரி, அதாவது எல்லோருக்கும் நலம் நினைக்கும் பயிற்சி, சொல்லித் தந்தார்களே, அதை என்ன செய்தீர்கள்?

சரி, இப்போதைக்கு இப்படிச் செய்து பாருங்கள். சில வாரங்களுக்கு ஒரு மணி நேரத்தை இருபது நிமிடமாகக் குறையுங்கள். துக்கத்தோடு தனியாக நீண்ட நேரம் உட்காருவது சிலரை இன்னும் மரத்துப்போக வைக்கும். கண்ணீர் வந்தால் வரட்டும். மூச்சைக் கவனித்தது போல அதையும் கவனியுங்கள். கடைசி ஐந்து நிமிடம் மைத்திரிக்கு, முதலில் மகளுக்கு. அப்புறம் அவளிடம் போய், ‘அன்னைக்கு அப்பா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா, எனக்கும் அப்பாயி வேணும்னுதான் இருக்கு’ என்று சொல்லுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம்.

தூக்கம் மறுபடி கெட்டாலோ, சாப்பாடு, வேலை, வீடு எதிலுமே மனம் ஒட்டாமல் இருந்தாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். தியானம் செய்பவர் மருத்துவரிடம் போகக் கூடாது என்று எந்தச் சீலத்திலும் இல்லை.

பீரோவைத் திறக்க அவசரம் இல்லை. திறக்கும் நாளில் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புடவை தனக்கு வேண்டும் என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருப்பாள்.