வாசகர் கேள்வி: பயத்தை எப்படி எண்ணுவது?

கேள்வி: கொரோனா காலத்தில் கணித மாதிரிகள் சொன்னது பலிக்கவில்லை என்கிறார் அப்பா. மனிதன் தன் இஷ்டப்படி நடப்பவன். அவனைச் சமன்பாட்டுக்குள் அடைக்க முடியுமா, ஐயா?
– ப்ளஸ் டூ மாணவர், காவேரிப்பட்டினம்

பதில்: தம்பி, இதற்குப் பதில் எங்கள் தெருப் பால் கடையில் இருக்கிறது.

2020 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக, அதாவது கொரோனா தொற்று இல்லாத இடமாக, இருந்த ஒரே மாவட்டம் நம் கிருஷ்ணகிரி. நான் கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட நேரம். விடியற்காலையில் பால் வாங்கப் போவேன். தள்ளி நிற்பதற்காகக் கடை முன் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். முதல் வாரங்களில் இரண்டு காலும் வட்டத்துக்குள் அடங்கும்படி ஒவ்வொருவரும் நின்றார்கள். ‘நம் மாவட்டத்தில் ஒருவருக்கும் இல்லை’ என்ற பேச்சு பரவப் பரவ, வட்டங்கள் கால்பட்டு அழிந்தன. திரும்பப் போட யாருக்கும் தோன்றவில்லை. மே முதல் வாரத்தில் மாவட்டத்துக்குள் தொற்று வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் போனால், கடைக்காரர் மகன் குனிந்து வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான். சுண்ணாம்பு காயவில்லை, அதற்குள் அதில் ஆள் நிற்கிறது!

எங்கள் தெருவில் அன்று ஒருவருக்கும் காய்ச்சல் கிடையாது. வரிசையை விலக்கி நிறுத்தியது முந்தின நாள் செய்தி.

பழைய மாதிரியில் இந்த வட்டங்களுக்கு இடமில்லை. கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற இருவர் 1927-ல் வெளியிட்ட கட்டுரைதான், நோய் பரவுவதைச் சமன்பாட்டால் கணக்கிடும் இந்தத் துறைக்கு அடித்தளம். மெக்கெண்ட்ரிக் இந்தியாவில் மருத்துவராக வேலை பார்த்தவர். கெர்மாக் ஆய்வக விபத்தில் இரு கண்களையும் இழந்தவர். மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கால் வாராவாரம் இறந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துத் தங்கள் சமன்பாட்டைச் சரிபார்த்தார்கள். நோய் வரக்கூடியவர்கள், வந்திருப்பவர்கள், வந்து விலகியவர்கள் என்று ஊரை மூன்றாகப் பிரிப்பார்கள். பானகத்தில் கரைந்த வெல்லம்போல மூவரும் சீராகக் கலந்திருப்பதாக வைத்துக்கொள்வார்கள். ஒருவர் இன்னொருவருக்கு நோயைத் தரும் வேகம் அதில் ஒரு மாறிலி.

இப்போதைய ஆய்வாளர்கள் அந்த மாறிலியை மாறியாக்குகிறார்கள். இறப்புச் செய்தி கூடினால் சந்திப்பு குறையும். செய்தி ஓய்ந்தால் சந்திப்பு ஏறும். இதைச் சேர்த்ததும், ஒரே மேடாக ஏறி இறங்கிய வரைபடம் அலையலையாக மாறக்கூடும். பால் கடை வட்டம் அழிந்து அழிந்து வந்ததும் அதே கணக்குத்தான்.

அப்பாவின் சந்தேகத்துக்கு, மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய எபோலா என்ற கொடிய தொற்றுநோயை எடுத்துக்கொள். 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. லைபீரியா, சியரா லியோன் இரண்டு நாடுகளிலும் 2015 ஜனவரிக்குள் 14 லட்சம் பேர் வரை பாதிக்கப்படலாம் என்றது. கினியாவையும் சேர்த்து, கடைசியில் பதிவானது ஏறத்தாழ 28,600 பேர். கணக்கு பொய்த்ததா? ‘கூடுதல் நடவடிக்கை இல்லாமல், மக்கள் நடத்தையும் மாறாமல் இருந்தால்’ என்பது அந்த மதிப்பீட்டோடு வந்த நிபந்தனை. நடத்தை மாறியது. எபோலாவில் இறந்தவரின் உடலைத் தொட்டாலே தொற்றும். அங்கேயும் நம்மைப் போலவே உடலைக் கழுவித்தான் அடக்கம் செய்வார்கள். பெற்ற தாயின் உடலைக் கடைசியாக ஒருமுறை தொடாமல் தள்ளி நின்றார்களே, அந்தத் துயரமும் சேர்ந்துதான் அந்த எண்ணைக் குறைத்தது.

நடத்தையை எங்கிருந்து எண்ணுவது என்று நீ கேட்பாய். மக்களையே கேட்டு எழுதச் சொல்வார்கள். ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 7,290 பேர், ஒரே நாளில் யார் யாரோடு பேசினார்கள், யாரைத் தொட்டார்கள் என்று குறித்துக் கொடுத்தார்கள். 2008-ல் முடிவு வெளிவந்தது. நம் பக்கம் அந்தக் குறிப்பேட்டைப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய்வந்தவரிடம் கொடுத்தால் ஒரு பக்கம் போதாது.

இந்த மாதிரிகள் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. செய்தி கேட்டுப் பயந்தவர் எல்லாராலும் வீட்டில் இருந்துவிட முடியாது. காலையில் தூக்குப்போசியோடு ரவுண்டானாவில் வேலைக்குக் காத்து நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் என்னைவிடப் பயம் அதிகமாகவே இருந்திருக்கும். எனக்கு ஓய்வூதியம் வந்தது, நான் உள்ளே இருந்தேன். கூலியைச் சேர்க்காமல் நடத்தையைக் கணக்கிட்டால், அவர்கள் சொல்பேச்சுக் கேளாதவர்கள் என்று விடை வரும். அந்த விடை தவறு.

கேள்வி: பேத்திக்கு முதல் தட்டம்மை ஊசி போட்டபோது காய்ச்சல் வந்தது. தெருவில் மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு ஊசியும் போட்டாயிற்று. இவளுக்கு இரண்டாவதை விட்டுவிட்டால் என்ன?
– வாசகி, பென்னாகரம்

பதில்: அம்மா, இந்த யோசனையைத்தான் பாச், எர்ன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 2004-ல் கணக்காகவே போட்டார்கள். ‘மற்றவர்கள் போட்டுக்கொண்டார்கள், நமக்கு எதற்கு’ என்று ஒவ்வொரு வீடும் தன் லாபத்தை மட்டும் பார்த்தால், ஊரைக் காக்கத் தேவையான அளவை ஊசி ஒருபோதும் எட்டாது என்பது அவர்கள் கண்ட விடை. தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு தட்டம்மை நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். அதனால் நூற்றுக்கு 95 பேருக்காவது பாதுகாப்பு இருக்க வேண்டும். உங்கள் தெருவில் இன்னொரு பாட்டியும் இதே போல நினைத்திருக்கலாம்.

ஊசிக்குப் பின் வரும் லேசான காய்ச்சல் இரண்டொரு நாளில் தணிந்துவிடும். முதல் ஊசிக்கு வந்ததைச் செவிலியரிடம் சொல்லுங்கள். இரண்டாவது ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள். வருகிற புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி அட்டையை மறந்துவிடாதீர்கள்.