கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின் கொலைகளுக்காக மூன்றே பேரைத் தண்டிக்க 16 வருடமும் 30 கோடி டாலருக்கு மேலும் செலவானதே, அது வீண்தானே?

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன். ஒரு மே மாத விடுமுறையில் அங்கோர்வாட் போகிற வழியில் நோம்பென் நகரில் இரண்டு நாள் தங்கினோம். துவோல் ஸ்லெங் சிறைக்குள் நுழைந்ததுமே, இது பள்ளிக்கூடமாயிற்றே என்று தோன்றியது. நீள வராந்தா, வரிசையாக வகுப்பறைகள், மஞ்சளும் வெள்ளையுமாகத் தரை ஓடு. உண்மையிலேயே உயர்நிலைப் பள்ளியாக இருந்த இடம்தான். 1975 ஏப்ரலில் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் அதை எஸ்-21 என்ற சிறையாக்கியது. வகுப்பறைக்குள்ளேயே செங்கல் அடுக்கி, ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு அறைகள் தடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கயிறு ஏறிப் பழகிய மரச்சட்டம் முற்றத்தில் நிற்கிறது. அதில் கைதிகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

சிறையின் தலைவர் டூச், அதற்கு முன் கணக்கு வாத்தியார். இதைப் படித்தபோது எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. கைதிகளை அடித்து வாங்கிய வாக்குமூலங்களைப் பக்கம் பக்கமாகப் படித்து, ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு எழுதுவாராம். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி. 1979 ஜனவரியில் வியட்நாம் படை வந்தபோது தப்பி ஓடியவர், அந்தக் காகிதங்களை அழிக்காமல் போய்விட்டார். முப்பது வருடம் கழித்து அந்தக் கையெழுத்துதான் அவரை மாட்டிவிட்டது.

சரி, வழக்குக்கு வருகிறேன். ஐ.நா.வும் கம்போடிய அரசும் 2003-இல் ஒப்பந்தம் போட்டு, 2006-இல் வேலையைத் தொடங்கிய கலப்பு நீதிமன்றம் அது. உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வெறும் சாட்சியாக இல்லாமல், வழக்கில் ஒரு தரப்பாகவே வக்கீல் வைத்துச் சேர முடிந்தது. நான் மனம் மாறியது இந்த இடத்தில்தான். சும் மெய் என்ற மெக்கானிக், எஸ்-21-லிருந்து உயிரோடு வந்த மிகச் சிலரில் ஒருவர். தையல் மெஷினும் டைப்ரைட்டரும் ரிப்பேர் செய்யத் தெரிந்ததால் விட்டுவைத்தார்கள். நீ அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் ஆள்தானே என்று கேட்டு நகத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். சி.ஐ.ஏ. என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. 2009-இல் நீதிமன்றத்தில், டூச்சை எதிரில் வைத்துக்கொண்டே அவர் அதைப் பற்றிக் கேள்வி கேட்டார். நிஜ சி.ஐ.ஏ. வேறு, கட்சிக்கு எதிரி என்று நினைத்தவர்களை நாங்கள் அப்படிச் சொன்னோம் என்கிற மாதிரி டூச் பதில் சொன்னார். பதில் என்று பார்த்தால் உருப்படியாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு டூச் வாய் திறந்தே ஆக வேண்டியிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சுமார் 500 இருக்கைகள், கிராமங்களிலிருந்து பஸ் வைத்துக் கூட்டிவந்த ஜனங்கள் அதில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

தண்டனை என்று பார்த்தால் உங்கள் எரிச்சல் நியாயம்தான். 2010-இல் டூச்சுக்கு 35 ஆண்டு கொடுத்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தது, சட்டவிரோதமாக ராணுவக் காவலில் வைத்ததற்கான சலுகை எல்லாம் கழித்தால் மிச்சம் 19. எஸ்-21-இல் செத்தவர்கள் குறைந்தது 12,272 பேர் என்பது நீதிமன்றமே ஏற்ற கணக்கு. வகுத்துப் பார்த்தேன், ஓர் உயிருக்குப் பதினான்கு மணி நேரம்கூட வரவில்லை. மேல்முறையீட்டில், 2012-இல், ஆயுள் தண்டனையாக்கினார்கள்.

இன்னொன்று, பலர் குழப்பிக்கொள்வது. அந்த ஆட்சியில் 17 லட்சத்துக்குக் குறையாமல் செத்திருக்கிறார்கள் என்கிறார்கள், ஆனால் இனப்படுகொலைத் தீர்ப்பு அத்தனை பேருக்கும் சேர்த்து வரவில்லை. 1948-இன் இனப்படுகொலை உடன்படிக்கைப்படி தேசம், இனம், மதம் போன்ற அடையாளத்துக்காக ஒரு கூட்டத்தை அழிக்க நினைத்திருக்க வேண்டும். அரசியல் எதிரி என்று கொன்றால் அதில் அடங்காது. அதனால் 2018 தீர்ப்பில் அங்கே சிறுபான்மையினரான வியட்நாமியர்களையும் சாம் முஸ்லிம்களையும் கொன்றது மட்டுமே இனப்படுகொலை. பெரும்பான்மையினரான கெமர் மக்களைக் கொன்றது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற தலைப்பில் போனது. செத்தவன் வீட்டில் இந்த வித்தியாசத்தை யார் போய் விளக்குவது?

ஆக, வீண் எது என்றால் நான் பணத்தைச் சொல்லமாட்டேன், காலத்தைச் சொல்வேன். வியட்நாம் கெமர் ரூஜைத் துரத்திய பிறகும் பல வருடம் ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி அவர்கள் பக்கமே இருந்தது. சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் வியட்நாம் மேல் இருந்த கோபம் அப்படி. (இந்தியா 1980-லேயே புதிய அரசை அங்கீகரித்துவிட்டது.) கெமர் ரூஜின் தலைவர் போல் பாட் 1998-இல் காட்டுக்குள்ளேயே செத்துப்போனார். வெளியுறவு அமைச்சராக இருந்த இயெங் சாரி, வழக்கு நடக்கும்போது இறந்தார். அவர் மனைவிக்கு மறதி நோய், விசாரணையே நடத்த முடியவில்லை. போல் பாட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்த நுவோன் சியா, மேல்முறையீடு முடியும் முன் போய்விட்டார். 2022-இல் கடைசித் தீர்ப்பைக் கேட்க மிஞ்சியவர் அந்த ஆட்சியில் நாட்டின் தலைவராக இருந்த கியூ சம்பான் ஒருவர்தான், வயது 91.

அடுத்த மட்டத்துத் தளபதிகள் மேல் போட்ட வழக்குகளில் வெளிநாட்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் உள்நாட்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் நின்றார்கள். அப்போது பிரதமராக இருந்த ஹுன் சென்னுக்கு அவை நடப்பதில் விருப்பமில்லை. அவரே ஒரு காலத்தில் கெமர் ரூஜ் படையில் இருந்தவர்தான். கடைசியில் ஒன்றுகூட விசாரணை மேடை ஏறவில்லை.