அரண்மனை ஹொட்டல்ல தங்கப் போறீங்களா? கேளுங்க, சொல்லுறன்

நான் திருகோணமலை உவர்மலை ஆள். பழைய மாளிகைகளை மாத்திக் கட்டின கடற்கரை ஹொட்டல்களில ஹவுஸ்கீப்பிங் பக்கம் வேலை செய்து ரிட்டயர் ஆனனான். கொழும்புக்குப் பக்கத்தில, கல்கிசையில இருக்கிற மவுண்ட் லவினியா ஹொட்டல் பற்றித்தான் கனபேர் கேட்டிருக்கிறீங்க, அதில இருந்தே தொடங்குறன்.

உப்புவெளி தங்கச்சி: அண்ணா, எங்கட பத்தாவது கல்யாண நாளுக்கு அங்க ஒரு நைட் நிக்கப் போறம். உண்மையா அது அரண்மனையா, இல்ல சும்மா பேருக்கோ?

உண்மைதான் தங்கச்சி. கவர்னர் தோமஸ் மெயிட்லண்ட் 1806 அளவில கட்டத் தொடங்கின வீடு அது. பிறகு 1820களில எட்வேர்ட் பார்ன்ஸ் எண்ட கவர்னர் அதைப் பெரிசாக்கி மாளிகை மாதிரி ஆக்கினார். இவ்வளவு செலவு ஏன் எண்டு லண்டன்ல புறுபுறுத்து கடைசியில வித்துப்போட்டாங்கள். 1877ல, ரெயில் பாதை அந்தப் பக்கம் வந்த காலத்தில, ஹொட்டலா மாறினது. ஆனா பழைய மாளிகைப் பகுதி வேற, பிற்காலத்தில ஒட்டிக் கட்டின விங் வேற, இது எந்த அரண்மனை ஹொட்டலுக்கும் பொருந்தும். நெட்ல போட்டோ பாத்து புக் பண்ணிட்டுப் போனா உங்களுக்குப் புது விங்ல ரூம் கிடைக்கும், அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனா நீங்க காசு குடுக்க நினைச்சது அதுக்கில்லையே. போன் எடுத்து "எந்த விங், எத்தினையாம் மாடி, கடல் நேர பாக்குதா, சைட்ல பாக்குதா" எண்டு கேட்டு, ஈமெயில்ல எழுத்தில வாங்குங்க.

கிண்ணியா தம்பி: லவினாட சுரங்கப் பாதை இப்பவும் இருக்குதா அண்ணன்?

மெயிட்லண்ட் லவினா எண்ட நடனக்காரியில ஆசைப்பட்டு, அவட வீட்டுக் கிணத்தடியில இருந்து மாளிகை வைன் அறைக்கு சுரங்கம் வெட்டினார் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. கதை நல்ல கதை, கதை எண்டே வச்சுக்கொள்ளுங்க. சாப்பாடு ஹலாலா எண்டும் கேட்டிருந்தீங்க, அதைப் போற அண்டைக்குக் கேக்காதீங்க, புக் பண்ணேக்கையே கிச்சன்ல விசாரிச்சுச் சொல்லச் சொல்லுங்க.

நிலாவெளி: பழைய விங் ரூம்ல ஈர மணம் அடிக்கும் எண்டுறாங்களே?

இது நல்ல கேள்வி, இதைத்தான் நான் நிறைய எழுதலாம். அந்தக் காலத்துச் சுவர் தடிச்ச சுண்ணாம்புச் சுவர், அது ஈரத்தை உறிஞ்சி வெளியில விட்டுக்கொண்டே இருக்கும், மூச்சு விடுற சுவர் எண்டு மேசன்மார் சொல்லுவாங்க. பேந்து வந்த ஆக்கள் அதுக்கு மேல சீமெந்து பூசி பிளாஸ்ரிக் பெயின்ற் அடிக்க, ஈரம் வெளியில போக வழியில்லாம பெயின்ற் கொப்பளிச்சு, கீழ்ப்பக்கம் வெள்ளையா உப்புப் பூக்கும். கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால கையை வச்சுப் பாருங்க, மாவு மாதிரி விரல்ல ஒட்டும். அப்பிடி இருந்தா ரூம் மாத்தச் சொல்லிக் கேளுங்க, வெக்கப்படாதீங்க, கீழ் மாடியை விட ரெண்டாம் மாடி எப்பவும் காய்ஞ்சிருக்கும்.

இன்னொண்டு, நம்மட ஆக்கள் விடுற வேலை: கடல் காத்து வேணும் எண்டு பல்கனிக் கதவைத் திறந்து வச்சுக்கொண்டு ஏசியும் போடுறது. வெளியில இருந்து வாற ஈரக்காத்து குளிர்ந்த தரையில தண்ணியா நிக்கும், துவாய் காயாது, விடிய எழும்பேக்க அலுமாரிக்குள்ள உடுப்பெல்லாம் பிசுபிசுக்கும். பிறகு றிசெப்சனுக்கு போன் எடுத்து "ரூம் மணக்குது" எண்டு சண்டை. ஒண்டு கதவு, இல்லாட்டி ஏசி.

மூதூர்: பில் கடைசியில கூட வருதே, ஏமாத்துறாங்களா?

விலைக்குப் பக்கத்தில ரெண்டு பிளஸ் அடையாளம் இருக்கும், அதைப் பாருங்க. 10 வீதம் சேர்விஸ் சார்ஜ், அதுக்கு மேல 18 வீதம் வற் வரி. 40,000 எண்டு போட்டிருந்தா முதல்ல 44,000, வற்றோட 51,920, வேற சின்ன வரிகள் இருந்தா இன்னும் கொஞ்சம். இலங்கை ஆக்களுக்கு ரெசிடென்ற் ரேட் எண்டு குறைஞ்ச விலை கனக்க இடத்தில இருக்கு, ஐடென்ரிட்டி கார்ட் கொண்டு போங்க. வெளிநாட்டில இருந்து வாற சொந்தத்தையும் சேத்துக்கொண்டு போறதெண்டா முதலே சொல்லிடுங்க. போயா (பௌர்ணமி) நாள்ல மது விக்க மாட்டாங்க, கல்யாண நாளுக்கு வைன் எண்டு கனவோட போறவங்க கலண்டரைப் பாத்திட்டுப் போங்க.

சாம்பல்தீவு: ஆடி ஆவணியில போகலாமா? பிள்ளையள் கடல்ல குளிக்கோணும்.

குளிக்கிறதெண்டா வேண்டாம். கிழக்குக் கரையில நமக்கு அந்த நேரம் கடல் குளம் மாதிரி கிடக்கும், அந்த எண்ணத்தில அங்க இறங்கக் கூடாது. வைகாசியில இருந்து தென்மேல் பருவக்காத்து, மேற்குக் கரை கொந்தளிக்கும், சிவப்புக் கொடி போட்டிருப்பாங்க. மார்கழிக்குப் பிறகு பங்குனி மட்டும் அங்க அமைதி, மார்கழி தையில நமக்குத்தான் இஞ்ச கடல் மோசம். இன்னொரு விஷயம், நாங்க சூரியன் கடலால எழும்புறதைப் பாத்து வளந்த ஆக்கள், அங்க கடலுக்குள்ள இறங்குறதைப் பாக்கலாம், அஞ்சரைக்கே டெரஸ்ல கதிரை பிடியுங்க.

கன்னியா: ஒரு நைட்டுக்கு அவ்வளவு காசில்ல, ஆனா பாக்க ஆசை.

அப்ப தங்காதீங்க. என்ர கணக்கில அரண்மனை ஹொட்டல்ல அரண்மனை இருக்கிறது ரூமுக்குள்ள இல்ல, அது டெரஸ்லயும் ஹோல்லயும் படிக்கட்டிலயும்தான். பின்னேரத் தேத்தண்ணிக்குப் போய் ரெண்டு மணித்தியாலம் இருங்க. கொழும்புக் கோட்டை ஸ்ரேஷன்ல இருந்து கரையோர ரெயில், வலப்பக்க ஜன்னல்ல இருங்க, கடல் பக்கத்திலயே வரும். தங்குறவங்களுக்கும் ஒண்டு: இரவு பஸ்ஸிலயோ ரெயிலிலயோ போனா விடியக் கொழும்பு, செக் இன் பொதுவா பின்னேரம் ரெண்டுக்கு. பேக்கை றிசெப்சன்ல வச்சிட்டு பூல் பக்கம் போகலாமா எண்டு கேளுங்க, அனேகமா விடுவாங்க.

லண்டன்ல இருந்து ஒரு அக்கா: இஸ்தான்புல் சிரகான் அரண்மனையும் இப்பிடியா?

போஸ்பரஸ் கரையில சுல்தான் அப்துலஅசீஸ் கட்டினது அக்கா. 1910ல தீப்பிடிச்சு வெளிச்சுவர் மட்டும்தான் மிஞ்சினது, அதுக்குப் பக்கத்தில கனகாலம் புட்போல் கிரவுண்ட் கூட இருந்தது. 1990களில திருத்தி ஹொட்டலாக்கினாங்க. அங்கயும் கனக்க ரூம் பக்கத்துப் புதுக் கட்டடத்திலதான், அதால அதே கேள்வியைக் கேட்டு புக் பண்ணுங்க.

திருகோணமலை ரவுண்: எங்கட ஊர்ல ஏன் அப்பிடி ஒண்டும் இல்ல?

கட்டடம் இல்லாம இல்ல. 1624ல போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடிச்ச கல்லால கட்டின கோட்டை, பிறகு ஒல்லாந்தர், 1795ல இங்கிலீஸ்காரர். கோயிலுக்குப் போகேக்க அந்த வாசலாலதானே போறம், மான் மேயுற இடத்தைத் தாண்டி. உள்ள பழைய பங்களாக்கள் இருக்கு, ஆனா ஆமி இருக்குது. டொக்யார்ட் பக்கம் நேவி. என்னைக் கேட்டா கோட்டைக்குள்ள ஹொட்டல் வராம இருக்கிறதே நல்லம், கோயிலுக்குப் போற வழியில ரூம் ரேட் போர்ட் பாக்க எனக்கு விருப்பமில்ல.

அன்புவழிபுரம்: டிப்ஸ் எவ்வளவு?

சேர்விஸ் சார்ஜ் எல்லா ஸ்டாப்புக்கும் பிரிச்சுப் போகும், அதால கட்டாயமில்ல. குடுக்கிறதெண்டா ரூம் துடைக்கிற பிள்ளைக்கு 500 வைங்க, ஆனா மேசையில வைக்காதீங்க, நீங்க மறந்திட்டுப் போனது எண்டு நினைச்சு ஒப்பீஸ்ல குடுத்திடுவாங்க. தலையணைக்கு மேல, ஒரு துண்டில நன்றி எண்டு எழுதி வைங்க.